புற்றுநோய்த் தடுப்பில் பிஎச்டி என்றால் என்ன படிப்பார்கள்?

நோய் வந்தபின் குணப்படுத்துவதை அல்ல, வராமல் தடுக்க எது உண்மையிலேயே பலன் தரும் என்று சோதித்துப் பார்க்கக் கற்பதுதான் இந்தப் படிப்பு. டிங்கிக்குப் புகை அடிப்பது ஒரு வேலை. பூச்சட்டித் தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது வேறு வேலை. இது இரண்டாவது வகை.

இதற்கு ஏன் தனிப் பயிற்சி? பல புற்றுநோய்கள் உருவாகப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகும். மலேசியாவில் 13 வயது மாணவிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போடத் தொடங்கியது 2010-ல். அவர்களுக்கு இப்போதுதான் முப்பதை ஒட்டிய வயது. முழுப் பலன் தெரிய இன்னும் காலம் பிடிக்கும். அதுவரை கிடைக்கும் எண்களை அவசரப்படாமல் படிக்கத் தெரிய வேண்டும்.

என்னைக் கேட்டால், அதைவிட முக்கியம் மனிதர்களிடம் கேட்கத் தெரிவது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பாட்டியிடம் "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று கேளுங்கள், "ச்சீ, இல்லைப்பா" என்பார். "வெத்தலையில என்னென்ன வைப்பீங்க பாட்டி?" என்று கேட்டால் பாக்கு, சுண்ணாம்பு, கடைசியில் ஒரு துண்டுப் புகையிலையும் வரும். வாய்ப் புற்றுநோய் இங்கே இந்தியர்களிடம் அதிகம். கேள்வி தவறானால் ஆய்வே தவறாகிவிடும்.

பலர் நினைப்பதுபோல் இது மருத்துவர்களுக்கு மட்டுமான படிப்பு இல்லை; புள்ளியியல், ஊட்டச்சத்து, சமூகவியல் படித்தவர்களும் இத்துறைக்கு வருகிறார்கள்.