சதுப்புல இறங்கி வர்ற தண்ணி தெளிவா இருந்தா போதுமா?

"மூடிப்போன சுரங்கத்துலருந்து காவி நிறத்துல வர்ற ஓடை, எங்க நிலத்துக்கு மேல இருக்கற சதுப்புல பூந்து வெளிய வரும்போது தெளிஞ்சுடுது, அத மாட்டுக்கு விடலாமா, சதுப்ப வடிச்சு நிலமாக்கலாமா"ன்னு ஒரு வாசகர் கேட்டிருக்கார். ரெண்டாவது கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன், தயவுசெஞ்சு வடிச்சிடாதீங்க.

அந்தக் காவி இரும்பு. சுரங்கப் பாறைல இருக்கற பைரைட்ல, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாதுல, காத்தும் தண்ணியும் பட்டா ஆசிட் உண்டாகும், அது இரும்பு, ஈயம், துத்தநாகம், காட்மியம்னு கூட இருக்கறதையெல்லாம் கரைச்சு இழுத்துட்டு வரும். சதுப்புல ஓட்டம் மட்டுப்பட்டதும் இரும்பு துருவா படியுது, ஈயம், ஆர்சனிக்லயும் ஒரு பங்கு அந்தத் துருவுல ஒட்டிக்கும். சம்புப் புல் ஒண்ண வேரோட புடுங்கிப் பாருங்க, வேர் மேல ஆரஞ்சு பூச்சு தெரியும், வேர் கசியவிடற ஆக்சிஜன்ல படிஞ்ச இரும்பு அது. ஆனா செடி உள்ள இழுத்துக்கறது கொஞ்சம்தான், பெரிய வேலை நடக்கறது ஆக்சிஜனே இல்லாத கறுப்பு சேத்துல. அங்க மக்கின தழைய நம்பி வாழற பாக்டீரியா தண்ணில கரைஞ்சு வர்ற சல்பேட்ட, அதாவது ஆக்சிஜன் சேர்ந்த கந்தகத்த, ஆக்சிஜன் இல்லாத சல்பைடா மாத்துது, அந்த சல்பைடு துத்தநாகம், காட்மியம், ஈயம், செம்பு எல்லாத்தையும் புடிச்சு கரையாத பொருளாக்கி சேத்துலயே உக்கார வச்சிடும். குச்சி விட்டு கிளறினா அழுகின முட்டை நாத்தம் வருதுன்னா இந்த வேலை நடக்குதுன்னு வச்சுக்கலாம்.

ஆக உலோகம் எங்கயும் போயிடல, உங்க சேத்துலதான் இருக்கு. வடிச்சாலோ நல்லா காய விட்டாலோ சல்பைடுல காத்து பட்டு திரும்ப ஆசிட் ஆகும், அடுத்த மழைல புடிச்சு வச்சதெல்லாம் ஒரேயடியா இறங்கி வரும்.

மாடு விஷயத்துலயும் நான் கறாராதான் சொல்லுவேன், சதுப்புக்குள்ள விடாதீங்க, வேலி போடுங்க. அமெரிக்காவுல ஐடஹோ மாநிலத்து கோர் டலேன் ஆத்துச் சதுப்புகள்ல பழைய சுரங்கக் கழிவோட ஈயம் படிஞ்ச சேத்த, கிழங்கு தேடும்போது சேர்த்து முழுங்கி அன்னப் பறவைங்க நெறைய செத்திருக்கு, தண்ணி குடிச்சு இல்ல.

வெளிய வர்ற தண்ணிய கண்ணால பாத்து முடிவு பண்ணவே கூடாது, கரைஞ்ச காட்மியத்துக்கும் ஆர்சனிக்குக்கும் நிறமே கிடையாது, மாங்கனீசு வேற லேசுல படியாம தாண்டி வந்துடும். லேப்ல கொடுக்கறப்ப வடிகட்டினது ஒண்ணு, வடிகட்டாதது ஒண்ணுன்னு ரெண்டு சாம்பிள் கேளுங்க, கரைஞ்சு வர்றது எவ்வளவு, வண்டலோட வர்றது எவ்வளவுன்னு அப்பதான் தெரியும். சாதாரண நாள்ல ஒரு தடவ, கோடைக்கப்புறம் வர்ற முதல் மழைல ஒரு தடவ எடுங்க, அந்த ரெண்டு ரிசல்ட்டும் வர்ற வரைக்கும் மாட்டுக்கு வேற தண்ணி காட்டுங்க.