ரூபார்ப்பும் அதன் தண்ணீரும்: வாசகர் கேள்வி – பதில்

ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டை நறுக்கி அடியில் பரப்பி, மேலே உதிரி மாவைத் தூவிச் சுடும் ரூபார்ப் கிரம்பிள் செய்முறை போன இதழில் வந்ததிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் படித்தேன். கேட்ட விதம் ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் பாதிப் பேருக்கு மேல் ஒரே குறை: “தண்ணியாகிவிட்டது.” அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நீங்கள் கொடுத்த அளவிலேயே கிரம்பிள் செய்தேன், மேடம். மேலே நல்ல பொன்னிறம். கரண்டியை விட்டால் அடியில் ரசம் மாதிரி ஓடியது. கொஞ்ச நேரத்தில் மேல்மாவும் அதில் ஊறிக் கூழாகிவிட்டது. எங்கே தவறு?

தவறு உங்களுடையது இல்லை. செய்முறையில் நான் சொல்லாமல் விட்ட ஒரு படி இருக்கிறது. அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

நூறு கிராம் ரூபார்ப் தண்டில் 93 கிராமுக்கு மேல் தண்ணீர்தான். கையில் பிடித்தால் விறைப்பாக, நார் நாராக இருப்பதால் நமக்கு அது தோன்றுவதில்லை. ஒரு தடவை இப்படிச் செய்து பாருங்கள். அரை கிலோ தண்டை விரல் கணு அளவுக்கு நறுக்கி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, நூறு கிராம் சர்க்கரை தூவி, கிளறாமல் வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் சர்க்கரையின் வெள்ளை மங்கும். கால் மணி நேரத்தில் ஒவ்வொரு துண்டின் வெட்டுவாயிலும் வியர்த்த மாதிரி முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். ஒரு மணி நேரம் கழித்துக் கிண்ணத்தைச் சாய்த்தால் இளஞ்சிவப்புச் சாறு ஒரு பக்கமாகத் திரண்டு வரும். முதலில் ‘படக்’ என்று ஒடிந்த துண்டு, இப்போது வளைத்தால் வளையும். இன்னும் அடுப்பே பற்றவைக்கவில்லை. இவ்வளவும் சர்க்கரை மட்டும் இழுத்த தண்ணீர். இதை அப்படியே ட்ரேயில் கொட்டி மேலே மாவைத் தூவினால் அந்த மாவு என்ன செய்யும்?

அதனால் சாற்றை முதலிலேயே பிரித்துவிடுங்கள். 750 கிராம் தண்டுக்கு 120 கிராம் சர்க்கரை போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, சல்லடையில் வடியுங்கள். வடிந்த சாற்றைச் சின்ன பாத்திரத்தில் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிடுங்கள். கரண்டியைத் தூக்கினால் தேன் போல மெதுவாக இறங்க வேண்டும். துண்டுகளில் ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளாரைப் பிசிறி, சுண்டிய சாற்றை மறுபடி அதிலேயே ஊற்றிவிடுங்கள். சுவை ஒரு சொட்டுகூட வீணாகாது, தண்ணீர் மட்டும் போயிருக்கும். மேல்மாவுக்கு 200 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 100 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. விரல் நுனியால் உதிரியாகப் பிசிறித் தூவுங்கள். அழுத்தாதீர்கள், ஆவி வெளியேற இடம் வேண்டும்.

ஓவனில் 180 டிகிரி செல்சியஸ், நாற்பது நிமிடம். ஆனால் கடிகாரத்தைவிடக் குமிழியை நம்புங்கள். ஓரத்தில் சின்னச் சின்னதாக வேகமாகக் கொதித்தால் உள்ளே இன்னும் தண்ணீர்தான். குமிழி பெரிதாக, சோம்பலாக எழும்பி, ‘ப்ளக்’ என்று உடைந்து அடங்கினால் சாறு கெட்டியாகிவிட்டது. ஓரத்தில் மட்டும் போதாது, நடுவிலும் அப்படி ஒன்றிரண்டு குமிழி வர வேண்டும். கொதிக்காத கார்ன்ஃப்ளார் கெட்டிப்படாது. வெளியே எடுத்தபின் இருபது நிமிடம் தொடாதீர்கள். வீட்டில் எல்லோரும் சுற்றி நிற்பார்கள், தெரியும். ஆனாலும் அந்த இருபது நிமிடத்தில்தான் அது இறுகும்.

கேள்வி: இது பழமா, காயா? வீட்டில் தினமும் விவாதம்.

செடியைப் பார்த்தால் காய்கறிதான். நாம் சாப்பிடுவது இலைக்காம்பு. சுக்கான் கீரையின் குடும்பம். அந்தப் புளிப்பை நினைத்தால் உறவு புரியும். ஆனால் 1947-இல் அமெரிக்காவில் இறக்குமதி வரி பற்றிய ஒரு வழக்கில் சுங்க நீதிமன்றம் இதைப் பழம் என்றே தீர்ப்பளித்தது. வீடுகளில் பெரும்பாலும் பழத்தைப் போல இனிப்புக்குத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது காரணம். இரண்டு தரப்புமே வென்றதாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தண்டோடு பெரிய பெரிய இலைகளும் வந்தன. தூக்கிப் போட மனமில்லை. கீரை மாதிரி வதக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இலையில் ஆக்ஸாலிக் அமிலம் மிக அதிகம், அது நஞ்சு. வேகவைத்தாலும் போகாது. முதல் உலகப் போரின்போது உணவுத் தட்டுப்பாட்டில் பிரிட்டனில் இந்த இலையைக் கீரையாகச் சமைக்கலாம் என்று பரிந்துரைத்து, அதைச் சாப்பிட்டவர்கள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். நறுக்கும் பலகைக்கு வருமுன்பே இலையை, தண்டு தொடங்கும் இடத்திலிருந்து தண்டுப் பக்கமாக ஒரு விரல்கடை தள்ளி வெட்டி எறிந்துவிடுங்கள். உரக்குழியில் போடலாம், தப்பில்லை.

தண்டிலும் அந்த அமிலம் உண்டு, அளவு குறைவு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பரிமாறுங்கள்.

கேள்வி: எனக்குக் கிடைத்தது பச்சைத் தண்டு. இன்னும் பழுக்கவில்லையோ என்று ஒரு வாரம் வைத்திருந்தேன். சிவக்கவே இல்லை, வாடிப்போனதுதான் மிச்சம்.

பாவம், அந்த ஒரு வாரம்! ரூபார்ப் பழுப்பதில்லை. சில வகை தொடக்கம் முதல் கடைசிவரை பச்சைதான், சில வகை அடி முதல் நுனிவரை சிவப்பு. நிறத்துக்கும் இனிப்புக்கும் சம்பந்தமில்லை. பச்சைத் தண்டில் செய்த கிரம்பிளைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் உங்களால் வித்தியாசம் சொல்ல முடியாது. நிறம் வேண்டுமென்றால் நாலைந்து ஸ்ட்ராபெர்ரியைச் சேர்த்துவிடுங்கள். வாடிய தண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடியைக் கொஞ்சம் நறுக்கி, ஒரு மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி வைத்தால் ஓரளவு நிமிர்ந்துவிடும்.

சிவப்பு பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது. அதனால் இளம் தண்டைச் சீவ வேண்டாம். பருவக் கடைசியில் வரும் தடித்த தண்டாக இருந்தால், நுனியில் கத்தியைக் கொடுத்து இழுங்கள். வருகிற நாரை மட்டும் உரித்தெடுத்தால் போதும்.

கேள்வி: துண்டுகளை முழுசாக வேகவைத்து கேக் மேல் வரிசையாக அடுக்க ஆசை. ஒவ்வொரு தடவையும் பாத்திரத்தில் கரைந்து கூழாகிவிடுகிறது. அக்கா, ஒரு வழி சொல்லுங்கள்.

பாத்திரத்தை விட்டுவிடுங்கள். ரூபார்ப் கொதிநீரில் ஐந்தாறு நிமிடம் தாங்கும், ஏழாவது நிமிடம் நாராகப் பிரிந்துவிடும். நாம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பதற்குள் ஆகிவிடும். கரண்டி பட்டால் இன்னும் சீக்கிரம்.

ஓவனில் வையுங்கள். ஐந்து சென்டிமீட்டர் துண்டுகளாக, எல்லாம் ஒரே தடிமனாகப் பார்த்து நறுக்குங்கள். தடித்த தண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். பீங்கான் ட்ரேயில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். அரை கிலோவுக்கு 80 கிராம் சர்க்கரை, ஒரு ஆரஞ்சின் தோல் துருவல், பாதி ஆரஞ்சின் சாறு. மூடி 180 டிகிரியில் பதினைந்து நிமிடம். திறந்து ஒரு ஊசியால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் திறந்தபடியே இன்னும் ஐந்து நிமிடம். வெளியே எடுத்தபின்னும் அதன் சூட்டிலேயே கொஞ்சம் வேகும் என்பதால், முக்கால் பதத்தில் எடுப்பதுதான் சரி. முழுக்க ஆறும்வரை தொடவே கூடாது. ஆறியபின் தட்டையான கரண்டியால் அடியோடு தூக்கினால் ஒரு துண்டும் உடையாது.

கேக் மாவுக்குள் போட்டுச் சுடுவதானால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நறுக்காதீர்கள். பெரிய துண்டு அடியில் போய் உட்கார்ந்து, தன்னைச் சுற்றி ஈரக்குழி தோண்டிவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டு அலுமினிய ட்ரேயில் சுட்டேன். ஏதோ இரும்பைச் சப்பிய மாதிரி ருசி. என் கற்பனையா?

கற்பனை இல்லை. எனக்கும் நடந்தது. பல வருடங்களாகக் கறுத்துக் கிடந்த ஒரு அலுமினிய ட்ரேயில் நான் ரூபார்ப் சுட்டபோது, பழம் இருந்த இடமெல்லாம் புதுசு போல வெள்ளையாகப் பளிச்சென்று ஆகிவிட்டது. அந்தக் கறுப்பு எங்கே போனது என்று யோசித்தபோதுதான் முதல் வாயில் நாக்கு கூசியதற்குக் காரணம் புரிந்தது. அமிலம் உலோகத்தை அரிக்கிறது. பூச்சில்லாத அலுமினியம், வார்ப்பிரும்பு, செம்பு எதுவும் வேண்டாம். கண்ணாடி, பீங்கான், எனாமல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எல்லாம் நல்லது. ஃபாயிலால் மூடினாலும் பழத்தில் படாமல் மூடுங்கள்.

இதோடு இன்னொன்று. புளிப்பைக் குறைக்கப் பேக்கிங் சோடா போடலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். புளிப்பு குறையும், உண்மை. ஆனால் அந்த இளஞ்சிவப்பு நிறம் காரம் பட்டதும் நீலம் கலந்த சாம்பலாக மாறிவிடும். அந்த நிறத்துக்காகவே இந்தத் தண்டை நேசிக்கிறவள் நான். செய்யாதீர்கள்.

கேள்வி: சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சர்க்கரை இல்லாமல் ரூபார்ப் முடியுமா?

அறவே இல்லாமல் முடியாது, குறைக்கலாம். பாதி ரூபார்ப், பாதி ஸ்ட்ராபெர்ரி என்று எடுத்தால், அறுநூறு கிராமுக்கு 50 கிராம் சர்க்கரையே போதும். இனிப்பான ஆப்பிளும் அப்படித்தான். ஆரஞ்சுத் தோல், வெனிலா, துருவிய இஞ்சி, இவற்றில் ஒன்று இருந்தால் நாக்கு சர்க்கரையை அவ்வளவாகத் தேடாது. ஆனால் இந்தப் பழங்களிலும் சர்க்கரை உண்டு. உங்களுக்கு எவ்வளவு ஆகும் என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: குளிர்காலத்தில் ரோஜா நிறத்தில் மெலிந்த ரூபார்ப் வருகிறதே, அது வேறு செடியா?

அதே செடிதான், இருட்டில் வளர்ந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியை ரூபார்ப் முக்கோணம் என்றே அழைக்கிறார்கள். செடியை இரண்டு வருடம் வயலில் விட்டு வேரில் சத்தைச் சேர்க்கவிடுவார்கள். உறைபனி பட்டபின் வேரோடு தோண்டி, வெளிச்சமே புகாத கதகதப்பான கொட்டகைக்குள் வைப்பார்கள். வெயில் இல்லாததால் இலை விரியாது, தண்டு வேரில் சேர்ந்த சத்தைக் கொண்டே நீண்டு வளரும். வெளிச்சம் பட்டால் வளர்ச்சி கெடும் என்று மெழுகுவர்த்தி ஏற்றித்தான் பறிப்பார்கள். மொட்டு உறை வெடித்துத் தண்டு வெளிவரும் சத்தம் அந்த அமைதியில் காதில் விழுமாம். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த ரூபார்ப்புக்குப் பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் தந்தது, அதாவது அந்தப் பகுதியில் விளைந்ததை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம்.

சமையலில் இது இன்னும் மென்மை. மேலே சொன்ன பதினைந்து நிமிடத்தைப் பத்தாக்குங்கள். கிரம்பிளுக்குள் புதைக்காமல் டார்ட்டின் மேலே அடுக்குங்கள், கண்ணுக்குத் தெரியட்டும்.

கேள்வி: இந்த வருடம்தான் செடி நட்டேன். எப்போது பறிக்கலாம்?

இந்த வருடம் ஒன்றுகூடப் பறிக்காதீர்கள், வேர் பலப்படட்டும். அடுத்த வருடம் இரண்டு மூன்று தண்டு. அதன்பிறகும் ஒரே நேரத்தில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. கத்தி வேண்டாம், அடியில் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் கையோடு வந்துவிடும். கடும் உறைபனியில் துவண்டு கறுத்த தண்டைச் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: கஸ்டர்டில் ரூபார்ப்பைக் கலந்தேன், திரிந்துவிட்டது.

புளிப்பு பட்டால் பால் திரியத்தானே செய்யும்! கஸ்டர்டைத் தனியாகக் காய்ச்சி ஆறவைத்து, பரிமாறும்போது ரூபார்ப்பின் மேல் ஊற்றுங்கள். அடுப்பில் இரண்டையும் சேர்க்கவே வேண்டாம்.

கேள்வி: பருவம் முடியப் போகிறது. ஃப்ரீசரில் வைத்தால் எவ்வளவு நாள் தாங்கும்?

அடுத்த பருவம்வரை தாங்கும். கழுவி, நன்றாகத் துடைத்து, நறுக்கி, ஒரு ட்ரேயில் ஒட்டாமல் பரப்பி உறையவையுங்கள். கல் போல ஆனபின் பைகளில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். பை மேல் எடையை எழுதி ஒட்டிவிடுங்கள், பின்னால் செய்முறை பார்க்கும்போது கைகொடுக்கும்.

உறைந்து உருகிய ரூபார்ப் புதுத் தண்டைவிட அதிகமாகத் தண்ணீர் விடும், மொறுமொறுப்பும் போய்விடும். எனவே அடுக்கி வைக்கும் வேலைக்கு ஆகாது. கிரம்பிளுக்கும் கேக்குக்கும் நன்றாக இருக்கும். சல்லடையில் போட்டு, கீழே கிண்ணம் வைத்து, ராத்திரி முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் உருகவிடுங்கள். காலையில் கிண்ணத்தில் இருக்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் சர்க்கரையோடு தேன்பதத்துக்குச் சுண்டவைத்து ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி வைத்தால், கேக் ஓவனிலிருந்து வந்த சூட்டிலேயே மேலே அங்கங்கே ஊசியால் குத்தி, ஸ்பூன் ஸ்பூனாக விடலாம்.