லிகமென்ட் ஆபரேஷனுக்குப் பிறகு எதற்குச் செலவழிக்கலாம்?

கேள்வி: வயது 24, மாவட்ட அணியில் கபடி ஆடுகிறேன். ஏ.சி.எல். (முட்டிக்குள் எலும்புகளை இணைக்கும் லிகமென்ட்) ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம். என் பின்தொடைத் தசைநாரையே எடுத்து வைத்துத் தைத்தார்கள். இரு பக்கமும் கீல் வைத்த பிரேஸ் ஒன்றைக் காட்டி, "இதைப் போட்டுக்கொண்டால் அடுத்த மாதமே ஆடலாம்" என்கிறார் கடைக்காரர். விலை 18,000 ரூபாய். வாங்கலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வேண்டாம். பிரேஸ் மட்டம் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் முட்டிக்குள் இருப்பது இன்னும் லிகமென்ட்டாக மாறி முடியாத தசைநார். எடுத்து வைத்த தசைநார் முதலில் ரத்த ஓட்டத்தை இழந்து தளரும். ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரைதான் அது மிக நலிந்திருக்கும். பிறகு புது ரத்தக் குழாய்கள் உள்ளே வளர்ந்து மெல்ல இறுகும். ஓராண்டு தாண்டியும் அந்த வேலை நடக்கும். வலி நின்றுவிட்டதால் ஆறிவிட்டது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

பிரேஸ் இறுக்கிப் பிடிப்பது தொடைச் சதையைத்தான், எலும்பை அல்ல. ரெய்டு போய்ச் சட்டென்று திரும்பும்போது பாதம் தரையில் ஊன்றி நிற்க முட்டி மட்டும் உள்பக்கம் முறுகுமே, அதை அது நிறுத்தாது. ஒன்பதாம் மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒரு மாதம் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் மறுகாயம் ஏறக்குறையப் பாதி குறைகிறது என்று 2016இல் வெளியான டெலவேர்-ஓஸ்லோ ஆய்வு காட்டியது. ஆறாம் மாதம் இறங்கச் சொல்லும் கடைக்காரர் அந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்.

அந்தப் பணத்தை லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன் (முன்தொடைக்கு), லெக் கர்ல் (பின்தொடைக்கு) மூன்றும் உள்ள ஜிம்முக்குக் கட்டுங்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு காலையும் தனித்தனியாகச் சோதியுங்கள். நல்ல கால் 40 கிலோவை எட்டு முறை தூக்குகிறது, ஆபரேஷன் கால் 28 கிலோதான் என்றால் 70 சதவீதம். 36 கிலோ, அதாவது 90 சதவீதம் வரும்வரை களம் வேண்டாம். உங்களுக்குப் பின்தொடையில் எடுத்திருப்பதால் லெக் கர்லிலும் இதே கணக்கைப் பாருங்கள். பலர் முன்தொடையை மட்டும் அளந்துவிட்டுப் பின்தொடையை மறந்துவிடுகிறார்கள். ஒற்றைக் காலில் தாண்டும் தூரத்தையும் டேப் வைத்து அளக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்: இடுப்பையும் கணுக்காலையும் வைத்து முட்டி தன் குறையை மறைத்துவிடும்.

சவ்வையும், அதாவது மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்திருந்தால் முதல் சில வாரங்களுக்குப் பூட்டு வைத்த நீள பிரேஸ் தேவைப்படும். அதையும் சர்ஜன் எழுதிக் கொடுத்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். தொடை இளைத்துவிட்டது. ஆன்லைனில் டென்ஸ் மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. சதை ஏறுமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: டென்ஸ் வலியை மட்டுப்படுத்தும் கருவி, சதையை இறுக்கிச் சுருக்குவது அதன் வேலை அல்ல. உங்களுக்கு வேண்டியது ஈ.எம்.எஸ்., அதாவது கரண்டால் சதையைச் சுருக்கும் வசதி உள்ளது. பெட்டியில் மூன்றைப் பாருங்கள்: அதிர்வெண் 50 முதல் 75 ஹெர்ட்ஸ், துடிப்பின் அகலம் 250 மைக்ரோ விநாடிக்கு மேல், பத்து விநாடி ஓடி ஐம்பது விநாடி ஓய்வு என்று நாமே நேரம் வைக்கும் வசதி. வெறும் "25 மோட்" என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள்.

பேட் பெரியதாக, 5 × 10 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். சின்ன பேட் தோலைச் சுருக்கென்று குத்தும், சதை அசைவதற்குள் நீங்களே நிறுத்திவிடுவீர்கள். ஒன்றைத் தொடையின் மேல் வெளிப்பக்கமும், இன்னொன்றை முட்டிச்சில்லுக்குச் சற்று மேலே உள்பக்கமும் ஒட்டி, தாங்கும் அளவுக்கு ஏற்றி, பத்து முறை விடுங்கள். கரண்ட் ஓடும்போது நீங்களும் முட்டியைக் கீழே அழுத்த வேண்டும், அதுதான் முக்கியம். எண்ணெய் தடவிய காலில் பேட் ஒட்டாது. தையல் ஆறாத இடத்தில் வைக்கக் கூடாது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், காலில் ரத்தக் கட்டி இருப்பவர்கள் தொடவே வேண்டாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் மெஷினை வைத்துவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: பிசியோ சென்டரில் ஆறு வாரத்துக்கு 30 சிட்டிங், முழுப் பணமும் முன்பணம், திருப்பித் தரமாட்டோம் என்கிறார்கள். கட்டலாமா? (மதுரை வாசகர்)

பதில்: ஒரு சிட்டிங்கில் என்ன நடக்கும் என்று முதலில் கேளுங்கள். ஐ.எஃப்.டி. (வலிக்குக் கரண்ட் வைப்பது), அல்ட்ராசவுண்ட், ஒத்தடம் என்று முக்கால் மணி நேரமும் படுக்கவைத்து, கடைசி ஐந்து நிமிடம் காலைத் தூக்கச் சொல்வதென்றால் அது கரண்ட் வைத்து அனுப்பும் இடம். முட்டி நேராவதும் மடங்குவதும் எத்தனை டிகிரி என்று அளந்து எழுதித் தருகிறார்களா பாருங்கள். ஆறாவது வாரமும் நல்ல காலைப் போல நேராகவில்லை என்றால் இன்னும் பத்து சிட்டிங் சேர்ப்பதில் பயனில்லை, சர்ஜனிடம் திரும்பிப் போக வேண்டும். உள்ளே தழும்புத் திசு உருண்டு கதவிடுக்கில் சிக்கிய கல்லைப் போல மறித்திருக்கலாம்.

எண்ணிக்கையைவிடப் பரவல் முக்கியம். முதல் ஆறு வாரம் வாரத்துக்கு இரண்டு, மூன்றாம் மாதம் வரை வாரம் ஒன்று, அதன்பின் ஒன்பதாம் மாதம் வரை இரு வாரத்துக்கு ஒன்று என்றாலும் ஏறக்குறைய இதே முப்பதுதான் வரும். ஓடுவது, குதிப்பது, திரும்புவது எல்லாம் நான்காம் மாதத்துக்குப் பிறகுதான் வரும். ஆறு வார பேக்கேஜ் அதற்குள் தீர்ந்துபோகும். பத்துப் பத்தாகக் கட்டுவதாகச் சொல்லிப் பாருங்கள். மறுத்தால் வேறு இடம். பணம் கட்டியபின் சொன்ன சேவை கிடைக்காவிட்டால் 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. பேச்சைவிட ரசீது முக்கியம், கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வீட்டுக்கு எக்சர்சைஸ் சைக்கிள் வாங்குகிறோம். ஸ்பின் பைக் நல்லதா? (திருச்சி)

பதில்: ஆரம்பத்துக்கு ஸ்பின் பைக் கூடாது. அதன் கனமான சக்கரம் பெடலோடு பூட்டியிருக்கும் ரகமாக இருந்தால், நீங்கள் நிறுத்த நினைத்தாலும் அது சுழன்று முட்டியைத் தள்ளிக்கொண்டே போகும். காந்தத் தடை உள்ள சாதாரண நிமிர்ந்த சைக்கிள் போதும். சீட் கம்பியில் துளைகள் நெருக்கமாக இருக்க வேண்டும், பெடலை ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஒரு முழுச் சுற்று வர முட்டி ஏறக்குறைய 105 முதல் 110 டிகிரி மடங்க வேண்டும். அதுவரை சீட்டை உயரத்தில் வைத்து, பெடலை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். இடுப்பைத் தூக்கிச் சுற்றை முடித்தால் அது முட்டியின் வேலை அல்ல. மறுநாள் வீக்கம் கூடினால் நிமிடத்தைக் குறையுங்கள். பழைய சைக்கிளே வாங்கலாம். துணி காயப்போடும் கொடியாக நிற்பவை பாதி விலைக்குக் கிடைக்கும்.

கேள்வி: இன்சூரன்சில் இதெல்லாம் கிடைக்குமா?

பதில்: பிசியோ செலவு பெரும்பாலும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 60 அல்லது 90 நாள் வரம்புக்குள் வரும். சர்ஜன் எழுதிய சீட்டும், தேதி வாரியான ரசீதும் வேண்டும். முட்டி பிரேஸ், ஊன்றுகோல், கிரேப் பேண்டேஜ் ஆகியவை பொதுவாகத் தரப்படாத பொருட்களின் பட்டியலில் இருப்பவை. பாலிசியில் தனியாகச் சேர்த்திருந்தால் மட்டும் கிடைக்கும். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம்.