சோடா கம்பெனிச் சுவர்

அன்புள்ள அண்ணா,

நான் நாகர்கோவில் கோட்டாறுக்காரன். பத்து வருடமாக டெக்சாஸில் இருக்கிறேன். போன மாதம் வேக்கோ என்ற ஊரில் டாக்டர் பெப்பர் மியூசியத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். 1906இல் கட்டிய குளிர்பானக் கம்பெனிக் கட்டடம். செங்கல் சுவர், அரைவட்ட வளைவுகள். ரோமனெஸ்க் என்ற பழைய ஐரோப்பியக் கட்டடப் பாணி என்றார்கள். நம் ஊர்ப் பழைய கட்டடங்களிலும் இந்த வளைவுகளைப் பார்த்த ஞாபகம். இரண்டுக்கும் தொடர்பு உண்டா? ஒரு கலர் கம்பெனியையே இவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் நம் ஆட்களுக்கு அருமை தெரியாது. ஒரே ஒரு குறை, ஒரு பக்கச் சுவரில் செங்கல் நிறம் மாறி ஒட்டுப்போட்டதுபோல் இருந்தது. அதைச் சரிசெய்திருக்கலாம்.

ஆர்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். அந்த ஒட்டு குறை இல்லை. 1953 மே 11 அன்று வேக்கோ ஊருக்குள் சூறாவளி புகுந்து 114 பேர் செத்தார்கள். அன்று அந்தக் கட்டடத்தின் சுவரும் பிய்ந்துபோனது. பிய்ந்த இடத்தை வேறு செங்கல் வைத்துக் கட்டினார்கள். பழைய செங்கல்லும் புதிய செங்கல்லும் சேரும் அந்தக் கோட்டில்தான் அந்த ஊரின் மிக மோசமான நாள் இருக்கிறது. அதன் முன்னால் நின்றுவிட்டு வந்து, ஒரே நிறமாகப் பூசியிருக்கலாம் என்கிறீர்கள்.

வளைவு பற்றிக் கேட்டீர்கள். இரும்பும் கான்கிரீட்டும் மலியாத காலத்தில் ஜன்னலுக்கு மேலே செங்கல் சுமையைத் தாங்க பல ஊர்க் கொத்தனார்களும் வளைவு கட்டினார்கள். அதற்கு மேல் உறவு தேட வேண்டாம்.

"நம் ஊரில் இப்படி ஒன்றுகூட இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கோட்டாறு மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு சோடா கம்பெனி இருந்தது உங்களுக்குத் தெரியாதா? தெரியாவிட்டால் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். வயிறு உப்பினால் அங்கேதான் ஆள் அனுப்புவார்கள். உங்களுக்கும் வாங்கித் தந்திருப்பார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் பெரிய லீவு முழுக்க அந்தக் கம்பெனி வாசலில்தான் கிடந்தேன். உள்ளே ஒரு சக்கரம். இரும்புக் கூட்டுக்குள் பாட்டில்களைப் படுக்கவைத்து, காஸைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவார்கள். பாட்டில் தலைகீழாகும்போது கோலி கழுத்துக்கு இறங்கும். உள்ளே ஏறிய காஸ் அதைப் பிடித்து ரப்பர் வளையத்தோடு அழுத்திவிடும். அவ்வளவுதான், மூடி வேண்டாம். இங்கிலாந்தில் ஹைரம் காட் என்ற இன்ஜினியர் 1870களில் கண்டுபிடித்த வழி. சக்கரம் சுற்றும் மாமா இரண்டு கைகளிலும் கோணிச்சாக்கு சுற்றியிருப்பார். பாட்டிலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் வெடிக்கும். அப்படி வெடித்த சில்லுகள் எதிர்ச் சுவரில் போய்ப் பதிந்திருந்தன. என் நெஞ்சு உயரத்தில், சுண்ணாம்புப் பூச்சுக்குள், பச்சைக் கண்ணாடித் துணுக்குகள். சாயங்கால வெயில் கதவு வழியாக விழும்போது அந்த இடம் மட்டும் மினுங்கும். தொடப் போன என் கையை மாமா தட்டிவிட்டார். "லேய், கை போயிரும்" என்றார். அவருடைய இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருந்தது.

இப்போது அந்தச் சுவர் இல்லை. சுவர் நிற்கிறது, அந்தப் பூச்சு இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்ததில் ஓடு முழுக்கப் பறந்துவிட்டது. முதலாளியின் மகன் மேலே தகரம் போட்டார். சுவர் அசிங்கமாக இருக்கிறது என்று உள்ளும் புறமும் கொத்திவிட்டு சிமென்ட் பூசி, மேலே பட்டி பார்த்து, வெள்ளையும் அடித்தார். கடன் வாங்கித்தான் செய்தார். அருமை தெரியாதவர் என்று அவரைச் சொல்ல எனக்கு மனம் வராது. சொல்லித்தர ஆள் இல்லை. அவ்வளவு படித்த நீங்களே அங்கே ஒட்டைப் பூசச் சொல்கிறீர்கள்.

தம்பி, சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூசக்கூடாது. இதை நான் பத்து வருடமாகக் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் வருடத்தில் பாதி நாள் உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் வெயிலில் வெளியே போய்விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். ஈரத்தோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, ஒருநாள் பாளமாகப் பெயர்ந்து விழும். விழும்போது செங்கல்லின் முகத்தையும் கொண்டுபோகும். அங்கேயும் அதுதான் நடந்தது. மூன்றாவது மழையில் முன்சுவர் முழங்கால் உயரத்துக்கு உதிர்ந்துவிட்டது. உடனே அதன் மேல் இன்னொரு பூச்சு, இன்னும் கெட்டியான சிமென்ட். ஊரில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். விருந்தாளி வந்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போய்த் தரையின் பளபளப்பைத் தொட்டுக் காட்டுவார்கள். வீட்டுக்கு வந்து தாத்தா கட்டிய சுவரில் சிமென்ட் பூசுவார்கள். எனக்கு ஆற்றமாட்டாத கோபம் வரும்.

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் வைத்தால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு போய்விடும். மிச்சத்தைத் தண்ணீரில் நீற்றி, மணலோடு அரைத்துப் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவை எடுத்துக்கொண்டு திரும்பக் கல்லாகும். மெதுவாக, வருடக்கணக்கில். சோடாவில் இருப்பதும் அந்த வாயுதான். சிலிண்டர் வருவதற்கு முன்னால் சுண்ணாம்புக்கல் தூளில் ஆசிட் ஊற்றித்தான் சோடாவுக்கு காஸ் எடுத்தார்கள். மாமா பாட்டிலில் அடைத்ததைத்தான் அந்தச் சுவரும் குடித்துக்கொண்டிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் தூக்கம் போய்விடும்.

உங்களைக் கடிந்துகொண்டதற்கு வருந்தாதீர்கள். அவ்வளவு தூரத்தில் ஒரு செங்கல் சுவரைப் பார்த்ததும் கோட்டாறு நினைவுக்கு வந்ததே, அந்த மனசு பெரிது. வேக்கோ மியூசியமும் 1991இல்தான் திறந்தது. அப்போது கட்டடத்துக்கு 85 வயது. நமக்கும் நேரம் இருக்கிறது.

கம்பெனியின் பின்சுவரை இன்னும் யாரும் தொடவில்லை. பாட்டில் கழுவும் தொட்டி இருந்த பக்கம். ஒரு மூலையில் ஒக்கியில் சரிந்து கிடக்கிறது. அதையும் சிமென்ட் வைத்துக் கட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டு முதலாளியின் மகனிடம் போய் நின்றேன். ஒரு மாதம் பொறுக்கிறேன், நீங்களே ஆள் கொண்டுவாருங்கள் என்றார். மார்த்தாண்டம் பக்கம் ஒரு கொத்தனார் இருக்கிறார். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்துச் சாந்து அரைக்கத் தெரிந்தவர். வருகிற புதன்கிழமை அவரைக் கூட்டிப்போகிறேன். உடைந்த இடம் உடைந்த இடமாகவே தெரியும்படி கட்டலாம் என்று சொன்னால் முதலாளியின் மகனுக்குப் பிடிபடவில்லை. ஊர் சிரிக்கும் என்கிறார்.

அதனால் ஒரு உதவி. நீங்கள் எடுத்த போட்டோக்களில் அந்த ஒட்டு நன்றாகத் தெரிகிற ஒன்றை அனுப்புங்கள். முழுக் கட்டடம் வேண்டாம், குழந்தைகள் முன்னால் நிற்பதும் வேண்டாம். பழைய செங்கல்லும் புதிய செங்கல்லும் சேரும் இடம் மட்டும், கிட்ட நின்று எடுத்ததாக இருக்கட்டும். அப்படி எடுக்கவில்லை என்றால், சிரமம் பார்க்காமல் இன்னொருமுறை போய்விட்டு வாருங்கள். செவ்வாய் ராத்திரிக்குள் எனக்குக் கிடைக்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணா