கடைசி நொடியில் டச்டவுனை விட்டுக்கொடுத்தால் குற்றம் யாருடையது: ஆட்டக்காரனுடையதா, திட்டம் வகுத்தவருடையதா?

"என்எஃப்எல் ஆட்டங்களில் ஓர் அணி கடைசி நொடியில் தோற்றால் பழி முழுவதும் ஒரு கார்னர்பேக் மீதோ சேஃப்டி மீதோ விழுகிறது. தடுப்புத் திட்டம் வகுத்த பயிற்சியாளருக்கு அதில் பங்கே இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. பல நேரங்களில் பெரும்பங்கே அவருக்குத்தான். (புதியவர்களுக்கு: என்எஃப்எல் என்பது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டித்தொடர். தடுப்பு அணியில் ஓரத்தைக் காப்பவர் கார்னர்பேக், பின்னால் நின்று காப்பவர் சேஃப்டி. எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்ப்பது டச்டவுன், அதற்கு ஆறு புள்ளி.)

நீங்கள் அமெரிக்காவுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை காலையில் அலுவலகத்தில் யாரோ ஒருவர் "அந்தப் பையன் கோட்டை விட்டுவிட்டான்" என்று தீர்ப்புச் சொல்லியிருப்பார். உங்களுக்கு மனம் ஒப்பியிருக்காது. உங்கள் உறுத்தல் சரியானது. நான் சிகாகோவின் புறநகரில் வசிக்கிறேன், பேர்ஸ் அணியின் ரசிகன். எனவே எங்கள் ஊர் நன்றாக அறிந்த காயத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2024 அக்டோபர் 27, மேரிலாந்தில் வாஷிங்டன் கமாண்டர்ஸுக்கு எதிரான ஆட்டம். இருபத்தைந்து நொடி மிச்சமிருக்கையில் பேர்ஸ் 15-12 என்று முன்னிலைக்கு வந்தது. பிறகு கடைசி நொடியில் வாஷிங்டனின் குவாட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) ஜேடன் டேனியல்ஸ் பந்தை வானத்தை நோக்கி எறிந்தார். கூட்டத்தில் தட்டுப்பட்ட பந்து பின்னால் தனியாக நின்ற நோவா பிரவுனின் கைகளில் விழுந்தது. 52 யார்டு டச்டவுன், 18-15. பேர்ஸின் கார்னர்பேக் டைரீக் ஸ்டீவன்சன், பந்து ஆட்டத்துக்கு வந்த பிறகும் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டி, ரசிகர்களைப் பார்த்துக் கையசைத்துச் சீண்டிக்கொண்டிருந்த காட்சி அன்று இரவே ஊரெங்கும் பரவியது. பந்தைத் தட்டியதும் அவர் கைதான்.

அவர் செய்தது தவறு. அதை நான் மழுப்பப் போவதில்லை. இப்படிப்பட்ட எறிதலைத் தடுப்பதற்கென்று வேலைகள் பிரித்துத் தரப்பட்டிருக்கும்: சிலர் எதிராளிகளை உடலால் மறிக்க வேண்டும், ஒருவர் எம்பிப் பந்தைத் தரையை நோக்கி அடிக்க வேண்டும், தப்பி வரும் பந்துக்காக ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். ஸ்டீவன்சன் தாமதமாக ஓடி வந்து கும்பலில் பாய்ந்ததால் பிரவுனைக் கவனிக்க ஆளில்லை. அவர் மன்னிப்புக் கேட்டார், அடுத்த ஆட்டத்தில் தொடக்க வரிசையில் இடம் இழந்தார். அது நியாயம்தான்.

ஆனால் அந்த எறிதலுக்குச் சற்று முன்பு நடந்ததை எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள்? வாஷிங்டன் தன் 35 யார்டு கோட்டில் நின்றது. ஆறு நொடிதான் மிச்சம். பேர்ஸின் தடுப்பு ஆழமாகப் பின்வாங்கி, எல்லைக்கோட்டு ஓரத்தைத் திறந்துவிட்டது. டெர்ரி மெக்லாரின் சிரமமே இல்லாமல் 13 யார்டு பந்தைப் பிடித்து, இரண்டு நொடியை மிச்சம் வைத்து, கடிகாரம் நிற்கும்படி களத்தைவிட்டு வெளியேறினார். அந்த 13 யார்டு கிடைக்காவிட்டால் டேனியல்ஸ் அவ்வளவு தூரம் எறிந்திருக்க முடியுமா? தலைமைப் பயிற்சியாளர் மேட் எபர்ஃப்ளூஸோ அந்த யார்டுகள் பெரிய விஷயமில்லை என்ற தொனியில்தான் பேசினார். எனக்கு இன்றும் ஆறவில்லை. அதே ஆட்டத்தில் கோல் கோட்டின் அருகே ஒரு தாக்குதல் வரிசை வீரரின் கையில் பந்தைக் கொடுத்து ஓடவிட்டு, அதை நழுவவிட்டதும் நடந்தது. அது யாருடைய முடிவு?

அந்த வருட நன்றியறிதல் நாளில் டெட்ராய்ட்டில் கையிலிருந்த டைம்அவுட்டை (கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பை) பயன்படுத்தாமல் நேரத்தை ஓடவிட்டுத் தோற்ற மறுநாள் எபர்ஃப்ளூஸ் நீக்கப்பட்டார். ஒரு பருவத்தின் நடுவில் பேர்ஸ் நிர்வாகம் தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது அதுவே முதல் முறை. அதற்குள் மக்கள் மனதில் பதிந்த முகம் ஸ்டீவன்சனுடையது மட்டும்தான்.

இந்தக் கேள்வி என்னை இவ்வளவு சீண்டுவதற்குக் காரணம் பேர்ஸ் அல்ல, என் மகன்.

அவன் உயர்நிலைப் பள்ளி அணியில் கார்னர்பேக். சென்ற இலையுதிர் காலத்தில் ஓர் ஆட்டம். நான்கு புள்ளி முன்னிலை, எதிரணியின் இன்னும் ஒரே ஒரு முயற்சியைத் தடுத்தால் வெற்றி. எதிரணிக்கு டச்டவுன் தவிர வேறு வழியில்லை. எங்கள் பயிற்சியாளர் கவர் ஸீரோ அழைத்தார். இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஸோன் தடுப்பில் ஆளுக்கு ஒரு தெரு என்று காவல் பிரித்துக்கொண்டு நிற்பார்கள், யார் அந்தத் தெருவுக்குள் வந்தாலும் அவர் பொறுப்பு. மேன் தடுப்பில் ஆளுக்கு ஓர் ஆள், அவன் எங்கே போனாலும் கூடவே போக வேண்டும். வழக்கமாக மேன் தடுப்பிலும் பின்னால் ஒரு சேஃப்டி நிற்பார். கவர் ஸீரோவில் அவரும் இல்லை. மீதிப் பேர் அனைவரும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார்கள். முன்னே பாய்பவர்கள் சரியான நேரத்துக்கு எட்டாவிட்டால், ஓரத்தில் நிற்கும் பையன் தனி.

என் மகன் தனியாக நின்றான். எதிரணிப் பையன் உள்ளே வெட்டுவதுபோல் காட்டிவிட்டு நேராக ஓடினான். என் மகனின் இடுப்பு ஒரு கணம் உள்ளே திரும்பியது. அவ்வளவுதான்.

பார்வையாளர் வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் அவன் சட்டை எண்ணைச் சொல்லித் திட்டினார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வாரம் ஒளிப்பதிவு பார்க்கும் கூட்டத்தில் பயிற்சியாளர் அந்த ஒரு காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டியிருக்கிறார். முன்னே பாய்ந்தவர்களில் ஒருவர்கூடக் குவாட்டர்பேக்கைத் தொடவில்லை என்பது அதே படத்தில் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஏன் அப்படிப்பட்ட அழைப்பு என்றும் விளக்கம் இல்லை.

நான் நேரில் போய்க் கேட்டேன். பிள்ளைக்காகச் சண்டை பிடிக்கும் தகப்பன் என்று சிலர் எழுதுவீர்கள், எழுதுங்கள். குரலை உயர்த்தாமல், "அவனுக்குத் துணையாக யார் நின்றிருக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டேன். "அந்த இடத்தில் நிற்பவன் தடுத்தே ஆக வேண்டும்" என்றார். அது என் கேள்விக்குப் பதில் இல்லை.

மகன் காரில் சொன்னது வேறு. "அப்பா, அவர் சொன்ன இடத்தில்தான் நின்றேன். ஆனால் அந்த முதல் வெட்டுக்கு நான் மயங்கினதும் உண்மை. அதை அடுத்த வாரம் சரிசெய்வேன். நீங்கள் இனிமேல் அவரிடம் பேச வேண்டாம்." பதினாறு வயதுப் பையன் தன் பங்கைப் பிரித்து எடுத்துக்கொண்டான். பெரியவர் தன் பங்கைத் தொடவே இல்லை.

இதே காட்சி என்எஃப்எல்லில் எல்லோர் கண் முன்னாலும் நடந்திருக்கிறது. 2020 டிசம்பர் 6, ஜெட்ஸ் 28-24 என்று ரெய்டர்ஸை விட முன்னிலையில் இருந்தது. பதின்மூன்று நொடி மிச்சம், பந்து 46 யார்டு தொலைவில். தடுப்புப் பயிற்சியாளர் கிரெக் வில்லியம்ஸ் கவர் ஸீரோ அழைத்தார். ரெய்டர்ஸின் மின்னல் வேகக்காரர் ஹென்றி ரக்ஸின் எதிரே லாமார் ஜாக்சன் என்ற முதல் வருடக் கார்னர்பேக் தனியாக நின்றார் (ரேவன்ஸ் அணியின் புகழ்பெற்ற குவாட்டர்பேக் வேறொருவர்). டெரெக் கார் எறிந்தார், ரக்ஸ் பிடித்தார், ஜெட்ஸ் தோற்றது. அந்த அணியின் சேஃப்டி மார்கஸ் மே, அந்த இடத்தில் இதைவிட நல்ல அழைப்பு வந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். மறுநாள் வில்லியம்ஸ் நீக்கப்பட்டார். அன்று பொறுப்பு உரிய இடத்துக்குப் போனது. அப்படிப் போவது எவ்வளவு அரிது என்பதுதான் என் வருத்தம்.

கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. எங்கள் பகுதித் தமிழ் அமைப்பின் பொங்கல் விழாவில் பிள்ளைகளின் சாதனைகளை மேடையில் வாசிப்பார்கள். சதுரங்கம், கிரிக்கெட், எழுத்துக்கூட்டல் போட்டி எல்லாம் வரும். என் மகன் பள்ளி அணியில் இடம் பிடித்த செய்தியைக் கொடுத்தபோது, "இது முரட்டு ஆட்டம் ஆயிற்றே, வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்றார் ஒருவர். தலைக்காயத்தின் அபாயம் எனக்கும் தெரியும். நானும் அவன் அம்மாவும் அதைப் பேசாத வாரம் இல்லை. ஆனால் ஓர் ஆட்டத்துக்காக ஒரு பிள்ளை மனப்பாடம் செய்யும் அழைப்புகளையும் குறிப்புகளையும் பார்த்தால் அதை முரட்டு ஆட்டம் என்று ஒதுக்க யாருக்கும் வாய் வராது.

சரி, கேள்விக்கு வருகிறேன். எல்லாப் பழியையும் பயிற்சியாளர் தலையில் கட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2018 ஜனவரியில் மினியாபோலிஸில் செயின்ட்ஸ் 24-23 என்று முன்னிலையில் இருந்தது. பத்து நொடி மிச்சம், வைக்கிங்ஸிடம் டைம்அவுட்டே இல்லை. கேஸ் கீனம் எறிந்த பந்தை ஸ்டெஃபான் டிக்ஸ் ஓரத்தில் பிடித்தார். சேஃப்டி மார்கஸ் வில்லியம்ஸ் இருக்க வேண்டிய பக்கத்தில்தான் இருந்தார். களத்துக்குள்ளேயே பிடித்து வீழ்த்தியிருந்தால் நேரம் ஓடி முடிந்திருக்கும். அவரோ தலையைத் தாழ்த்திப் பாய்ந்து, டிக்ஸைத் தொடாமல் சொந்த அணிக்காரர் மீதே மோதினார். 61 யார்டு டச்டவுன், வைக்கிங்ஸுக்கு 29-24 வெற்றி. அது ஆட்டக்காரரின் பிழை. அன்றிரவே கண்ணீரோடு செய்தியாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அப்போது அவர் முதல் வருட வீரர். அப்படி முன்வந்து பதில் சொல்வதைப் பல மூத்த பயிற்சியாளர்களிடம் நான் பார்த்ததில்லை.

இப்போது 2022 ஜனவரி 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சீஃப்ஸுக்கு எதிராக பில்ஸ் 36-33 என்று முன்னிலை, பதின்மூன்று நொடி மிச்சம். அந்தப் பருவத்தின் தலைசிறந்த தடுப்பு அணி அது. பில்ஸின் தொடக்க உதை நேராக எண்ட் ஸோனுக்கு (கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள பகுதிக்கு) போனது, ஒரு நொடிகூடக் கரையவில்லை. சீஃப்ஸிடம் மூன்று டைம்அவுட்டுகளும் பாக்கி. அப்படியிருந்தும் பில்ஸ் ஆழத்தையும் ஓரத்தையும் காத்து நடுப்பகுதியைத் திறந்துவைத்தது. சீஃப்ஸின் டைரீக் ஹில் 19 யார்டு, டிராவிஸ் கெல்சி 25 யார்டு, பிறகு ஹாரிசன் பட்கரின் 49 யார்டு உதைக்கு மூன்று புள்ளி. சமன். கூடுதல் நேரத்தில் சீஃப்ஸின் 42-36 வெற்றியோடு கதை முடிந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மட், செயல்படுத்தியதில் குறை என்றார். அது தன்னிடமிருந்தே தொடங்குகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். உதை பற்றிய முடிவை யார் எடுத்தார், களத்தில் யாருக்கு என்ன சொல்லப்பட்டது என்பதை அவர் அவிழ்க்கவில்லை. டைம்அவுட் உள்ள எதிரணிக்கு நடுவைத் திறந்துவிட்டால், களத்தில் நிற்பவர்கள் எதைச் செயல்படுத்தி என்ன பயன்?

பில்ஸ் ரசிகர்கள், "ஆழத்தைத் திறந்துவிட்டு டச்டவுன் வாங்கியிருந்தால் அதற்கும் இப்படித்தான் எழுதுவாய்" என்பார்கள். எழுதுவேன். அந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பதற்குத்தான் பயிற்சியாளருக்குச் சம்பளம்.

அலுவலகத்தில் அடுத்த முறை வாதம் வந்தால், பந்து விழுந்த இடத்தைப் பற்றிப் பேசாதீர்கள். பந்து ஆட்டத்துக்கு வருமுன் சேஃப்டிகள் எங்கே நின்றார்கள், எத்தனை பேர் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்தார்கள், எதிரணியிடம் எத்தனை டைம்அவுட் இருந்தது என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரியாதவர் ஓர் ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லித் திட்டினால், நான் அதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை.