கிட்னி செயலிழந்தவருக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை கிடைக்குமா?

கேள்வி: எங்களுக்கு முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் லோடுமேனாக இருந்தவர். சுகர் முற்றி இரண்டு கிட்னியும் போய்விட்டது. இரண்டு மாதமாகத் தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். பார்வையும் மங்குகிறது. மாற்றுத்திறனாளி உதவித்தொகை கேட்டுப் போனால், கிட்னிக்குத் தர முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்மலும் அடகுக்குப் போயாச்சு. என்ன செய்ய?

பதில்: அவர்கள் சொன்னது, கேட்க வலித்தாலும், சட்டப்படி சரிதான் அம்மா. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. தலசீமியா, ஹீமோபிலியா கூட உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆளை மெஷினோடு கட்டிப்போடுகிற நோயை விட்டுவைத்தது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் கிட்னியைச் சொல்லி இன்னொரு மனு எழுதி அலையாதீர்கள். உங்களுக்கான வழி அவருடைய கண்ணில் இருக்கிறது.

சுகர் விழித்திரையைக் கெடுத்துப் பார்வை குறைந்திருந்தால், அது அந்தப் பட்டியலில் வரும். கண்ணாடி போட்டுப் பார்த்த பிறகும் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் கணக்கு. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று அரசு மருத்துவர்கள் சான்று கொடுத்தால் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கலாம்; அதை வைத்துத் தாலுகா அலுவலகத்தில் உதவித்தொகைக்கு மனுப் போடலாம். சுகரால் காலை எடுக்க நேர்ந்தவர்களுக்கும் இதே வழிதான். சான்று இருக்கட்டும், கண்ணுக்கு வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதைவிட அவசரம் காப்பீட்டு அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரக ஆபரேஷன் இரண்டும் அதில் அடங்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இது நாம் கட்டிய பில்லைத் திருப்பித் தருகிற திட்டம் இல்லை. ஆஸ்பத்திரி முன்கூட்டியே அனுமதி வாங்கி, பணத்தைக் காப்பீட்டிலிருந்து நேராகப் பெற்றுக்கொள்ளும். அதனால் அட்டை இல்லாமல் கழிகிற ஒவ்வொரு வாரமும் உங்கள் கைக்காசுதான். இப்போது போகிற ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா என்று 1800 425 3993 எண்ணில் கேளுங்கள், கட்டணம் கிடையாது. இல்லையென்றால் தயங்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு மாறுங்கள். மாறும்போது டயாலிசிஸ் ஒரு தடவைகூட விட்டுப்போகக் கூடாது. அங்கே நாள் குறித்துக்கொண்ட பிறகே இங்கே நிறுத்துங்கள்.

பஸ்ஸில் போய்வர முடியவில்லை என்றால், வீட்டிலேயே வயிற்று வழியாகச் செய்கிற டயாலிசிஸ் உண்டு. அதற்கான திரவப் பைகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே தருகிறார்கள். ஆனால் சுத்தமான தனி இடம் வேண்டும், அவருக்குப் பார்வை குறைவு என்பதால் பை மாற்றுவதை நீங்கள்தான் பழக வேண்டியிருக்கும். பீடிக்கு நடுவில் உங்களால் முடியுமா என்று யோசித்து, டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள்.

அப்புறம், உங்கள் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை. பலர் அதைப் பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகைக்கு மட்டும் எடுப்பார்கள். மத்திய அரசின் தொழிலாளர் நல அமைப்பில், பீடித் தொழிலாளிக்கோ அவரைச் சார்ந்தவருக்கோ சிறுநீரக மாற்று ஆபரேஷன் நடந்தால் 2 லட்சம் ரூபாய் வரை செலவைத் திருப்பித் தரும் ஏற்பாடு உண்டு. முக்கூடலிலேயே பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருக்கிறது. அங்கே போய் விவரம் கேளுங்கள். அசல் பில் எதையும் தொலைத்துவிடாதீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்திருந்தால் முதலில் அங்கே போங்கள். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அவர்களுடைய நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா கட்டியவர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும்.

ஆபரேஷனுக்கோ டயாலிசிஸுக்கோ மதுரை, சென்னை என்று ரயிலில் போக நேர்ந்தால், டாக்டர் சான்றோடு ஸ்டேஷன் கவுண்டரில் கேளுங்கள். ஸ்லீப்பரில் அவருக்கும் துணைக்குப் போகிற உங்களுக்கும் 75 சதவீதம் சலுகை உண்டு.

வி.ஏ.ஓ.வைப் பார்க்க டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். இரண்டுக்கும் நடுவில் அவரைத் தனியாக விட்டுவிட்டு ஓட வேண்டாம்.