முகம் பார்த்துப் பேசும் பிள்ளை

கேள்வி: பிறந்து பன்னிரண்டு நாள். தூக்கத்தில் சிரிக்கிறான். ‘நரி விரட்டுது’ என்கிறார் அம்மாச்சி. என்னைப் பார்த்து எப்போது சிரிப்பான்? (பாபநாசம்)

பதில்: ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள். தூக்கத்துச் சிரிப்பு தானாக வருவது. இப்போதைக்கு அவனுக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது உங்கள் முகம் இருக்கிற தூரம் அது.

கேள்வி: பால் கொடுக்கும்போது போன் பார்ப்பேன். நாலு மாதப் பெண், என் கன்னத்தைத் தட்டித் தட்டி அழுகிறாள். பசி அடங்கவில்லையா? (கும்பகோணம்)

பதில்: எடை ஒழுங்காக ஏறுகிறதென்றால் பசி இல்லை. உங்களைக் கூப்பிடுகிறாள்.

1970-களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், இரண்டு மூன்று நிமிடம் முகத்தை அசைக்காமல் சும்மா பார்க்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். ஒன்றும் பலிக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். போனில் மூழ்கிய முகமும் பிள்ளைக்கு ஏறக்குறைய அப்படித்தான்.

இதைப் படித்துவிட்டுக் குற்ற உணர்வில் தவிக்காதீர்கள். நன்றாகப் பழகும் தாய்க்கும் சேய்க்கும்கூட மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் தாளம் சேர்கிறது என்று ட்ரானிக்கே கண்டார். மிச்ச நேரமெல்லாம் விட்டுப்போவதும் திரும்பச் சேர்வதும்தான். அந்தத் திரும்பச் சேர்தலில்தான் பிள்ளைக்கு நம்பிக்கை ஊறுகிறது. ஒரு பக்கம் குடித்து முடிக்கும்வரை போனைக் கவிழ்த்து வையுங்கள். அவள் ‘ங்கா’ என்றால் ‘ங்காவா?’ என்று புருவத்தைத் தூக்கிக் கேட்டுவிட்டு, நிறுத்துங்கள். வாயைக் குவித்து, காலை உதைத்துக்கொண்டு அடுத்த சொல்லைத் தேடுவாள். அந்த இடைவெளியை நாம் பேசி நிரப்பிவிடக் கூடாது.

கேள்வி: பிள்ளை அழுதால் அப்பாயி உதட்டைப் பிதுக்கி, ‘யாரு அடிச்சா என் தங்கத்த?’ என்று தானும் அழுவதுபோல் நடிக்கிறார். பயந்துவிடாதா? (திருவையாறு)

பதில்: அப்பாயியை விட்டுவிடுங்கள், அருமையாகச் செய்கிறார். பிள்ளையின் வலியை அவர் முகம் காட்டுகிறது. ஆனால் குரலில் ஒரு இழுவை, கண்ணில் ஒரு கனிவு. அது அவருடைய அழுகை இல்லை என்று பிள்ளைக்குப் புரிகிறது. தன் மனசுக்குள் நடப்பது இன்னதென்று பிள்ளை அறிய இதுவே முதல் வழி. நிஜமாகவே பதறி அழும் முகம்தான் அதை மிரட்டும்.

கேள்வி: நடவுக்குப் போகிறேன். ஆறு மாதப் பையன் மாமியாரிடம் தாவுகிறான். என்னை மறந்துவிடுவானா? ஏங்கிப் போய்விடுவானா? (திருத்துறைப்பூண்டி)

பதில்: மறக்கமாட்டான். மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1950-களில் உகாண்டா கிராமங்களில் பார்த்த பிள்ளைகளில் பலர் தாயோடு இன்னொருவரிடமும் ஒட்டியிருந்தார்கள். பாட்டியிடம் தாவுவது அவனுக்குக் கிடைத்த கூடுதல் சொத்து. வயலிலிருந்து வந்ததும் சேற்றைக் கழுவிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்குமுன் பத்து நிமிடம் அவனோடு உட்காருங்கள். முதலில் முகத்தைத் திருப்பினால் விரட்டிக் கொஞ்ச வேண்டாம், காத்திருங்கள். திரும்பிப் பார்ப்பான்.

கேள்வி: மகளுக்குப் பிரசவமாகி மூன்று மாதம். பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதே இல்லை. பிள்ளையும் சத்தமில்லாமல் கிடக்கிறது. ‘சமத்து’ என்கிறார்கள். எனக்கு என்னவோபோல் இருக்கிறது. (மன்னார்குடி)

பதில்: உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது, அம்மா. மகளுக்கு இருப்பது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதில் வராத பிள்ளை கூப்பிடுவதையே குறைத்துக்கொள்ளும். எல்லா அமைதியும் சமத்து ஆகாது. ‘உனக்கென்ன குறைச்சல்?’ என்று யாரும் கேட்க வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தன்னைத்தானே மாய்த்துக்கொள்வதுபோலவோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவோம் என்றோ மகள் பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், தனியாக விடாதீர்கள். பிள்ளையின் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். மகள் தேறும்வரை ‘ங்கா’வுக்குப் பதில் சொல்லும் முகமாக நீங்கள் இருங்கள். ராத்திரி ஒரு தடவை பிள்ளையை வாங்கிக்கொண்டு மகளைத் தூங்க விடுங்கள்.